பாவாயி கழுவி வைத்த டின்கள்

"ஒரு மணி நேரம் இருக்குங்க மேடம், நல்ல அனுபவமா ஏதாச்சும் சொல்லுங்க" என்று உங்கள் பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். நல்ல அனுபவங்களை எல்லாம் ஓய்வு பெற்ற அன்றைக்கே மாலையும் கழுத்துமாக நின்று சொல்லி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை வெளியே சொல்லாமல் இருப்பது எனக்கு நல்லது என்று இரண்டு பேர் தனித்தனியாகப் புத்தி சொன்னார்கள். அதனால் அதையே சொல்கிறேன்.

முதலில் உங்கள் முகங்களைப் பார்த்துக்கொள்கிறேன். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஆணை கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. சட்டையில் புது பேட்ஜ், பையில் புது மீட்டர். தேர்வில் எல்லாரும் தேறியிருக்கிறீர்கள், சந்தோஷம். நானும் தேறினேன். அந்தத் தேர்வில் கேட்காத கேள்வி ஒன்றில்தான் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை. பெயர் உங்களுக்கு வேண்டாம். அதன் பின்கட்டில் நாற்பது வருடக் கதிரியக்க ஆய்வுக்கூடம். தைராய்டு நோயாளிகளுக்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதும், ரத்தத்தில் சுரப்புநீர் அளப்பதும் அங்கேதான். ராசிபுரத்திலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் காலை முதல் பஸ் பிடித்து வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கூடமோ கிழடு தட்டிப் போயிருந்தது. தரை விரிப்பு விளிம்பில் கிளம்பி நின்றது, கழுவுதொட்டிக் குழாயில் கசிவு, நச்சுக்காற்றை வெளியேற்றும் கூண்டின் மோட்டார் போட்டால் பேச்சுக் கேட்காது. எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டி, புது ஸ்கேன் கருவி வைப்பது என்று முடிவானது. வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர் ஒருவர் வந்து திறந்து வைப்பதாக நாளும் குறித்துவிட்டார்கள். நாள் குறித்த பிறகுதான் என்னிடம் சொன்னார்கள். எப்போதும் அப்படித்தான்.

கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் இருபத்து மூன்று தகர டின்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். நம் கழிவில் பெரும்பங்குக்குக் காலம்தான் மருந்து. ஊசி, பஞ்சு, கையுறை, சோதனைக் குழாய் எல்லாவற்றையும் டின்னில் போட்டு மூடி வைத்தால் சிலது மாதங்களில் அடங்கும், சிலதுக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும். அடங்கியதை அளந்து பார்த்துவிட்டுச் சாதாரணக் குப்பையாக அனுப்பலாம். ஆக, டின்னில் என்ன இருக்கிறது என்பதைவிட, என்று மூடினோம் என்பதுதான் முக்கியம். அதை ஓர் அட்டையில் எழுதி, நூல் கோத்து, டின்னின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுவது எங்கள் கூடத்து வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார். நானும் அப்படியே செய்தேன். பதிவேடும் இருந்தது. அட்டை எண் ஒன்று, அட்டை எண் இரண்டு என்று முத்து முத்தாக எழுதியிருப்பேன். அட்டைக்கு எண் இருந்தது. டின்னுக்கு எண் இல்லை. இதில் என்ன தப்பு என்று இப்போது உங்களில் பாதிப் பேருக்குப் பிடிபட்டிருக்கும். அங்கே பொறுப்பில் இருந்த ஆறு வருடமும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நம் பக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! சங்ககிரி லாரிப் பட்டறையிலிருந்து ராசிபுரத்துத் தறி வரைக்கும் அன்றைக்குக் கழுவாத இரும்பே இருக்காது. எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவிக்கு வாழைக்கன்று கட்டுவார்கள், ஆம்புலன்சுக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அன்று காலை எனக்குப் புதுப்பிப்பு வேலை பற்றி நிர்வாக அலுவலகத்தில் கூட்டம். போகிற அவசரத்தில் சாவிக்கொத்தைத் துப்புரவுப் பணியாளர் பாவாயியிடம் கொடுத்தேன்.

"எல்லாம் பளிச்சுனு இருக்கோணும் பாவாயி" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தக் கொத்தில் இரண்டு சாவி. ஒன்று கூடத்துக்கு, இன்னொன்று டின் அறைக்கு.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். சாம்பிராணி வாசம் வராந்தாவிலேயே அடித்தது. டின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருபத்து மூன்று டின்களும் உயர வாரியாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவியது. ஒவ்வொன்றிலும் மூன்று விரல் திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மூடிமேல் ஒரு செவ்வந்திப் பூ. ஒன்றில்கூட அட்டை இல்லை.

"எப்படீங்க மேடம்?" என்றார் பாவாயி. முகம் எல்லாம் சிரிப்பு. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார், கை முழங்கை வரை ஈரம்.

"அட்டையெல்லாம் எங்க பாவாயி?"

"அதுங்களா? பூஞ்சை புடிச்சு அழுக்காத் தொங்கிட்டு இருந்துச்சுங்க. பூசையும் அதுவுமா நல்லாவா இருக்கும்? எல்லாத்தையும் கத்தரிச்சுக் குப்பையோட கொளுத்திப் போட்டனுங்க."

"எதாச்சும் மூடியத் தொறந்தயா?"

"நான் ஏனுங்க தொறக்கறேன்? எல்லாம் இறுகிக் கெடந்துச்சு. ஒன்னு மட்டும் எச்சா கனமுங்க. இடுப்புல முட்டுக் குடுத்துத்தான் நவுத்துனேன்."

அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. போன அட்டையிலேயே என் புத்தி நின்றது. கத்தினேன். கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் படத்தைக் காட்டி, "இந்தப் படத்தப் பாக்கவே இல்லயா நீ?" என்று கேட்டேன். மூன்று கறுப்பு இலை, நடுவில் புள்ளி. உலகம் முழுக்கக் கதிரியக்கத்துக்கு அதுதான் அடையாளம்.

பாவாயி அதை நிதானமாகப் பார்த்தார். "பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன், பத்தொம்பது வருசமா. ஃபேன் படம்தானுங்களே அது. இது ஃபேனு, மோட்டாரு வெக்கிற ரூமுன்னு நெனச்சேன்."

என் பின்னால் நின்ற ஜாபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாபர் எங்கள் டெக்னீஷியன், செவ்வாய்ப்பேட்டைப் பையன், வீட்டில் மளிகை மொத்த வியாபாரம். நான் திரும்பி முறைத்ததும் அடக்கிக்கொண்டார். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அந்த அறையைப் பத்தொன்பது வருடமாக வாரம் ஒரு முறை கூட்டுகிறவர் அதை மோட்டார் அறை என்று நினைத்திருக்கிறார் என்றால், சிரிக்க வேண்டியது எங்களைப் பார்த்து.

பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் ஜாபரும் உட்கார்ந்தோம். இருபத்து மூன்று பதிவு, இருபத்து மூன்று டின். எது எதற்கு? ஒரு வழியும் இல்லை. பெரும்பாலான டின்கள் அடங்கியவை, நாலைந்து இன்னும் அடங்காதவை. எது எது என்று சாமிக்குத்தான் தெரியும். ஜாபர் தலையைச் சொறிந்துகொண்டே, "எங்க கடையில மூட்டைக்கு அட்டை கட்ட மாட்டாங்க மேடம். மூட்டை மேலயே மையில மார்க் அடிச்சிருவாங்க. அட்டை பிஞ்சு போகும், மூட்டை எங்க போகும்?" என்றார். முப்பது வருடம் படித்த படிப்புக்கு மளிகைக்கடை வைத்த குட்டு அது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவளாக நான் உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறை முடிந்ததும் நிர்வாகியைப் பார்த்துச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தேதி ஒன்று தலைமேல் தொங்கினால் நல்ல மனிதர்கள் என்ன ஆவார்களோ அப்படி இருந்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மேடம், திங்கக்கிழமை இடிக்க ஆள் வர்றாங்க. டின்னு எல்லாம் பழசுதானே? அடங்கியிருக்கும். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, குப்பையோட குப்பையா போயிரட்டும். அட்டை போனது நம்ம நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்."

"அளக்காம எப்படீங்க சார் கையெழுத்துப் போடறது?"

"சரி, அளங்க. ஆனா ரிப்போர்ட்டு கிப்போர்ட்டுன்னு ஆரம்பிச்சா, அட்டையக் கழட்டுனது யாருன்னும் எழுதணும். அந்தம்மா ஒப்பந்தத் தொழிலாளி. ஒப்பந்தக்காரர் அன்னிக்கே நிறுத்திருவார். அது உங்களுக்கு வேணுமா? உங்களுக்கும் பணி நீட்டிப்பு விண்ணப்பம் மேஜையில இருக்கு. யோசிங்க."

பாருங்கள், எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்! நான் உண்மையை எழுதினால் பாவாயி வேலை போகும். பொய்யில் கையெழுத்துப் போட்டால் பாவாயி பிழைப்பார். இரக்கம் காட்டுகிற மாதிரியே ஒரு தப்பைச் செய்துவிடலாம். உங்களுக்கும் ஒரு நாள் இந்த மாதிரி ஓர் அறையில் கதவைச் சாத்துவார்கள். மிரட்டினால் எதிர்த்துவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். இரக்கத்தைக் காட்டிக் கேட்டால்தான் கை தானாகப் பேனாவைத் தேடும். என் கையும் தேடியது. பாவாயிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டுக்காரர் இல்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

சனிக்கிழமை காலை அளக்க ஆரம்பித்தோம். ஜாபர் டின்னைத் தூக்கி வைப்பார், நான் அளப்பேன். அளந்த டின்னின் வயிற்றிலேயே பெயிண்டில் எண் போட்டோம், செவ்வாய்ப்பேட்டை முறைப்படி. நாலு டின்கள் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது, தனியே வைத்தோம். மற்றவை அடங்கிக் கிடந்தன. கடைசியில் ஓரத்தில் இருந்த ஒரு டின்னை ஜாபர் தூக்கப் போய், தூக்க முடியாமல் கீழே வைத்தார். அப்போதுதான் பாவாயி சொன்னது எனக்கு உறைத்தது. ஊசியும் பஞ்சும் இருக்கிற டின் எதற்கு அவ்வளவு கனம்?

அது இருந்த மூலையிலேயே மீட்டரை வைத்தேன். கொஞ்சமாகத்தான் காட்டியது. அறையின் இயல்பு அளவைவிட ஒரு மடங்கு கூட, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்தார், கூடவே இடிப்பு வேலை எடுத்த சங்ககிரித் தங்கவேல். இடத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

நிர்வாகி மீட்டரை எட்டிப் பார்த்தார். "இதென்னங்க மேடம், கருங்கல்லு காட்டுறதுதானே இது? தரை பூராக் கருங்கல்லு. நம்ம ஊரு கல்லு எப்பவும் கொஞ்சம் காட்டும்னு நீங்கதானே சொல்வீங்க?"

ஆமாம். நான்தான் சொல்வேன். ஆறு வருடமாக ஆய்வுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்ன வாக்கியம் அது. மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும்போதெல்லாம் "கல்லுதான்" என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. என் வாக்கியத்தையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். அந்த மூலையில் மட்டும் கல் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கலாம். கல் காட்டுவது உண்மைதான். கையெழுத்துக்கும் எனக்கும் நடுவில் அப்போது இருந்தது என் சந்தேகம் மட்டும்தான். அதற்கு ஆதாரமாக என்னிடம் ஒரு கனமான டின்னைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"ஜாபர், தள்ளுவண்டி கொண்டா" என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வெறும் மண். முதலில் மண்ணை மட்டும் அளந்தேன். மீட்டர் நன்றாக இறங்கியது. அடங்கிய டின் ஒன்றைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்து அளந்தேன். அசையவில்லை. அதை எடுத்துவிட்டுக் கனமான டின்னை வைத்தேன். முள் ஏறியது. அறைக்குள் காட்டிய அந்தக் கூடுதல், வெளியே மண்ணிலும் அப்படியே இருந்தது.

"கல்லு டின்னு கூடவே நடந்து வருமா சார்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

தங்கவேல்தான் பேசினார். "ஏனுங்க மேடம், அதுக்குள்ள என்ன இருக்குதுங்க?"

"தெரியாதுங்க."

"தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க. அதனாலதான் அனுப்ப மாட்டேங்கறேன். இந்தக் கனத்துக்கு உள்ள கதிர்வீச்சத் தடுக்கற ஈயம்தான் இருக்கோணும், அந்த ஈயத்தையும் தாண்டி இது காட்டுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"வெளியாள் முன்னாடி இப்படிப் பேசலாமா மேடம்?" என்றார் நிர்வாகி.

"நான் வெளியாளுங்களா?" தங்கவேலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத என்ற சித்தாளுக தலையில வெச்சுத் தூக்கப் போறாங்க. தகரமும் ஈயமும் கெடைக்கும்னு பழைய இரும்புக்காரர்கிட்டச் சொல்லியும் வெச்சிருக்கறேன். அவரு அத உருக்குவாரு. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா அவங்க ஊட்டுக்கு நீங்களா வந்து பதில் சொல்வீங்க? நான் ஆளுகள உடறதா இல்லீங்க. மேடம் சரின்னு சொன்னா மறுக்கா வாரேன்." சொன்னவர் நிற்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். குறித்த நாள் அன்றைக்கே செத்துப் போனது.

அன்று மாலையே அணுசக்தி ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அறையைப் பூட்டி முத்திரை வைத்தோம். சில நாட்களில் இரண்டு பேர் வந்தார்கள், உரிய கருவிகளோடு, உரிய கவசத்தோடு. டின்னைத் திறந்தார்கள். உள்ளே ஈயச் சிமிழ். சிமிழுக்குள் ஒரு சீசியம் குழாய், பாதி அடங்கவே முப்பது வருடம் ஆகிற சரக்கு. சுண்டு விரல் நுனி நீளம் இருக்கும். கருப்பை வாய்ப் புற்றுக்கு முன்னொரு காலத்தில் அதை வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பே எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டதாகப் பதிவேடு சொன்னது. இது ஒன்று நுனி வளைந்து, அனுப்பும் பெட்டியில் நுழையாமல் போயிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் அதை ஈயச் சிமிழில் போட்டு, கையில் கிடைத்த டின்னில் வைத்து மூடியிருக்கிறார். சிமிழின்மேல் ஒரு சீட்டு. அவருடைய அழகான கையெழுத்தில், "அடுத்த முறை அனுப்பவும்." மூடிய டின்னுக்குள் இருக்கிற சீட்டை யார் படிப்பது? அந்த மனிதரைப் போல வேலை தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அவருக்கும் ஏதோ ஒரு திங்கட்கிழமை அவசரம் இருந்திருக்கும். அவர் இப்போது இல்லை, கேட்கவும் முடியாது.

ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் பிறகுதான் தெரிந்தது. எல்லா டின்களையும் திறந்து, உள்ளே இருப்பதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் அந்தக் கனமான டின்னுக்கு ஒரே ஒரு பதிவுதான் மிஞ்சியது. சிமிழை உள்ளே வைப்பதற்கு முன்பே அந்த டின்னில் தொங்கிக்கொண்டிருந்த பழைய அட்டையின் எண். அதில் அயோடின் கழிவு, காலம் முடிந்தது, வெளியேற்றலாம் என்று இருந்தது. புதுப்பிப்பு வேலைக்காக நான் தயாரித்த வெளியேற்றும் பட்டியலில் அந்த எண்தான் முதலாவது. அளக்காமல் அனுப்பியிருக்க மாட்டேன். அளந்திருப்பேன், மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டியிருக்கும், அட்டையைப் பார்த்திருப்பேன், "கல்லுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதாவது, பாவாயி அந்த அட்டைகளைக் கொளுத்தாமல் இருந்திருந்தால் சீசியத்தை வெளியே அனுப்பியது நானாக இருந்திருப்பேன். புரிகிறதா? எல்லாரும் யாரை வேலையை விட்டு அனுப்பலாம் என்று பார்த்தார்களோ, அவர் கழுவியதால்தான் நாங்கள் தப்பினோம்.

இதைச் சொல்லத்தான் பாவாயியைத் தேடிப் போனேன். பெருமையாகச் சொல்லலாம் என்று போனேன். டின் அறையின் வெளிச்சுவரில் சாய்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். நிழலும் சில்லிப்புமாக இருக்கும் என்று தினமும் அங்கேதான் சாப்பிடுவாராம். எனக்கு அதுவும் தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது எத்தன வருசமா அங்க இருந்துச்சுங்க?"

"நீ வந்து கொஞ்ச வருசத்துலருந்து இருந்திருக்கும்."

"நான் கூட்டுனப்பெல்லாம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு பாவாயி."

தூக்கை மூடினார். "உங்களுக்கெல்லாம் சட்டையில ஒன்னு குத்தியிருக்கறீங்களே, அது எதுக்குங்க?"

"உடம்புல எவ்வளவு பட்டுதுன்னு காட்டும்."

"எனக்கு ஏனுங்க குடுக்கல?"

ஒப்பந்தத் தொழிலாளி, அறைக்குள் ஐந்து நிமிடம்தான் இருக்கிறார், விதிப்படி தேவையில்லை என்று யாரோ எப்போதோ சொன்னதை நானும் அப்படியே வைத்திருந்தேன்.

"நீங்க அன்னிக்கு என்னப் பாத்துக் கத்துனீங்க" என்றார் பாவாயி. குரல் உயரவே இல்லை. "அந்தப் படத்தப் பாக்கலயான்னு கேட்டீங்க. பத்தொம்பது வருசத்துல ஒருத்தராச்சும் எனக்கு அது என்னன்னு சொன்னீங்களா சாமி? சொல்லியிருந்தா நான் கையி வெச்சிருப்பனா? எனக்கும் புள்ளைங்க இருக்குதல்ல?"

இத்தனை வருட வேலையில் என்னை யார் யாரோ திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே போனதில்லை. அவமானமாக இருந்தது. அவர் எதிரிலேயே அழுதேன், அதில் வெட்கம் இல்லை. எடுத்துப் போகும் வண்டி வரும்வரை சிமிழ் அதே அறையில்தான் பூட்டிக் கிடந்தது. மீட்டரை எடுத்து வந்து, அவர் சாயும் சுவரை அவர் கையாலேயே அளக்க வைத்தேன். சுவர் சும்மா இருந்தது. அவர் அறைக்குள் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றிரண்டு எடுத்த அளவுதான் வந்தது. "ஒன்னும் ஆகாது பாவாயி" என்றேன். "சரிங்க" என்றார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

பிறகு விசாரணைக் குழு. மருத்துவமனை தயாரித்த அறிக்கையைக் கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில், "துப்புரவுப் பணியாளரின் அலட்சியத்தால் அடையாள அட்டைகள் அழிக்கப்பட்டன" என்று இருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோகிற வேலை. பேனாவால் அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: "சாவியைக் கொடுத்தது நான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரிடம் சொல்லாதது நான். டின்னில் எண் போடாமல் அட்டையை நம்பியது நான்."

குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா நடவடிக்கை உங்க மேலதான் வரும், தெரியுமில்லங்க?"

"தெரியுமுங்க."

"உங்களுக்கு நீட்டிப்பு வேண்டாமா?"

"பாவாயிக்கு வேலை இருக்கோணும். அது மொதல்ல. அவர நிறுத்துனா, இந்தக் காகிதத்தோட நகல் எங்கெங்க போகணுமோ அங்கெல்லாம் நானே கொண்டு போய்க் குடுப்பேன்."

மிரட்டலா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் இலை போட மாட்டேன் என்றும் சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான், இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. பாவாயியை நிறுத்தவில்லை. அந்த அறைக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் பேட்ஜும் தமிழில் பயிற்சியும் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை அதிகாரிகள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நாலு மாதம் தள்ளித்தான் தங்கவேல் ஆட்கள் சுத்தியலை எடுத்தார்கள். அந்த நாலு மாதமும் நம் தைராய்டு நோயாளிகள் கோயம்புத்தூருக்கு அலைந்தார்கள். அந்தச் சாபத்திலும் எனக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதை எதிர்பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு நிர்வாகியே என் அறைக்கு ஒரு மெமோ கொண்டுவந்தார். வாங்கிப் படித்தேன். "கழிவு டின்களின் அடையாள அட்டைகளைப் பாதுகாக்கத் தவறியதற்காக" என்று ஒரே குற்றச்சாட்டு. மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"வாங்கிக்குங்க மேடம். வெறும் சம்பிரதாயம்தான்" என்றார்.

"என்னோட தப்பு இது இல்லீங்க சார். ஒரு பொம்பளைய ஆறு வருசம் அந்த ரூமுக்குள்ள உட்டேன், உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லல, ஒரு பேட்ஜு குடுக்கல. அத எழுதிக் கொண்டாங்க."

"அப்படி எழுத முடியாதுங்க மேடம்."

"ஏனுங்க?"

அவர் மெமோவை இன்னொரு மடிப்பு மடித்தார். நான் வருவதற்கு முன்னால் பாவாயி அந்த அறையைக் கூட்டிய பதின்மூன்று வருடம் இருக்கிறது. அப்படி எழுதினால் அந்த வருடங்களுக்கும் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

"எழுதிக் கொண்டாங்க சார், எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன்" என்றேன்.

ஒரு வாரம் காத்திருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மெமோ வரவே இல்லை.